பார்க்காத படம், வளர்க்காத ஆடு

அனுப்புநர்:
தட்டச்சுக் கடைக்காரர்,
நீதிமன்றத்துக்கு எதிரே, ஜெராக்ஸ் கடை மாடிப்படியின் கீழ்.

பெறுநர்:
ஆய்வாளர் அவர்கள்,
இணையக் குற்றப் பிரிவு.

பொருள்: பார்க்காத படத்துக்கும் வளர்க்காத ஆட்டுக்கும் வரும் மிரட்டல் அறிவிப்புகள் – விசாரிக்கக் கோருதல் – தொடர்பாக.

மரியாதைக்குரிய ஐயா,

முப்பத்தோரு ஆண்டுகளாகப் பிறருக்கு மனு அடித்துக் கொடுத்து வருகிறேன். எனக்காக அடிப்பது இதுவே முதல் முறை.

1. சென்ற மாதம் ஏதோ ஒரு சட்ட அலுவலகத்தின் பெயரில் மின்னஞ்சலில் மூன்று அறிவிப்புகள் வந்தன. நான் இணையத்திலிருந்து ஒரு திரைப்படத்தைத் திருட்டுத்தனமாக இறக்கினேனாம். ஏழு நாளில் சமரசத் தொகை கட்டாவிட்டால் கணினியைப் பறிமுதல் செய்வார்களாம். முகவரி இல்லை, கையொப்பம் இல்லை. தராசுப் படம் மட்டும் பெரிதாக இருக்கிறது.

2. அந்தத் திரைப்படத்தை நான் இறக்கவும் இல்லை, பார்க்கவும் இல்லை. அவர்கள் சொல்லும் நாளில் என் கணினி பழுதுபார்ப்பவரின் மேசையில் பிரித்துப் போட்டபடி கிடந்தது. படத்தின் பெயரை இங்கே எழுதக் கை கூசுகிறது; இணைப்பில் காண்க.

3. எங்கள் கடையில் நான் அடிப்பேன். என் மனைவி வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்த்து அடியில் ஒப்பமிடுவார். அவர் ஒப்பமில்லாத தாள் எதுவும் கடையை விட்டுப் போனதில்லை. வருகிற தாளையும் அவரே முதலில் படிப்பார். நான் அச்செடுத்த இந்த அறிவிப்பையும் படித்தார். படத்தின் பெயர்மீது விரலை வைத்து, "இத்தன வருஷமா உங்க பிழைய எல்லாம் திருத்தினேன். இத எங்க போய்த் திருத்தறது?" என்றார். அன்றிலிருந்து பேச்சில்லை. தட்டை வைக்கும் ஓசையிலிருந்துதான் அவர் மனநிலையைத் தெரிந்துகொள்கிறேன். எனக்குத் தாங்கவில்லை ஐயா.

4. அறிவிப்பின் கடைசிப் பத்தியைத் தாங்கள் அவசியம் படிக்க வேண்டும். "மேலும், எமது கட்சிக்காரருக்குச் சொந்தமான, இடது காது கிழிந்த கறுப்பு வெள்ளாட்டை, ஈன்ற குட்டிகளுடன் உடனே ஒப்படைக்கவும்." கட்சிக்காரர் ஒரு திரைப்பட நிறுவனம். அதிலிருந்த எண்ணை அழைத்துக் கேட்டேன். ஒருவர், "சிஸ்டத்துல அப்படித்தாங்க காட்டுது. படத்துக்குத் தனியா, ஆட்டுக்குத் தனியா கட்டிருங்க" என்றார்.

5. அந்த ஆட்டை எனக்குத் தெரியும். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் எங்கள் பால்காரம்மாவின் ஆடு காணாமல் போனபோது, அவருக்காக அவருடைய பக்கத்து வீட்டுக்காரருக்கு நான் அடித்த அறிவிப்பு அது. வசதியில்லாதவர்களுக்கு உதவட்டும் என்று மாதிரிப் படிவமாக இணையத்தில் போட்டேன். பெயர்களை எடுத்துவிட்டேன், ஆட்டை எடுக்க மறந்துவிட்டேன். அன்று மனைவி தன் அக்கா வீட்டுக்குப் போயிருந்ததால் சரிபார்க்க ஆளில்லை. அதை அப்படியே திருடி, திருடன் என்று எனக்கே அனுப்பியிருக்கிறார்கள். எடுத்ததற்குக்கூட வருத்தமில்லை. அனுப்பும் முன் ஒருமுறை படித்திருக்கலாம்.

6. விஷயம் பால்காரம்மாவின் காதுக்கும் போய்விட்டது. அந்த ஆடு இன்றுவரை கிடைக்கவில்லை. மூன்று நாளாகக் கடைப் படியில் உட்கார்ந்து, "நோட்டீஸ் அடிச்சுக் குடுத்த கையாலயே புடிச்சுக் கட்டியிருக்கீங்களே அண்ணா" என்கிறார். என் மனைவி அவருக்கு மட்டும் தேநீர் கொடுக்கிறார்.

ஆகவே, இவ்வறிவிப்புகளை அனுப்புவோர் யாரென்று கண்டறிந்து நடவடிக்கை எடுக்க வேண்டுகிறேன். விசாரணைக்குத் தேவையென்றால் கணினியை எடுத்துச் செல்லுங்கள். நான் அந்தப் படத்தைப் பார்க்கவில்லை என்று முத்திரையுடன் ஒரே ஒரு வரி எழுதித் தந்தால் போதும். அதை என் மனைவியின் பெயருக்கே அனுப்பினால் நல்லது.

இடம்: கடை
நாள்: இம்மாதம் பதினான்கு

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
தட்டச்சுக் கடைக்காரர் (ஒப்பம்)

இணைப்பு: அறிவிப்புகள் மூன்று, ஆட்டுக்கான மூல அறிவிப்பு ஒன்று, கணினி பழுதுபார்த்த ரசீது ஒன்று.

ஒப்பிட்டுச் சரிபார்த்தேன், பத்தி 2 நீங்கலாக.
மேற்படியாரின் மனைவி (ஒப்பம்)