மாப்பிள்ளை கட்டிய ஆண்டெனா

மாமா,

ஓடு மாற்ற ஆள் வருவதால், நேற்று உங்கள் தோப்பு வீட்டுக் கூரையில் ஏறி ஆண்டெனாவை இறக்கினேன். காக்கைகள் உட்கார்ந்து உட்கார்ந்து அலுமினியக் குச்சிகள் வளைந்திருந்தன. ஆனால், அதைத் தாங்கிய குழாய் திரும்பினால் தெரிய வேண்டும் என்று நான் இட்டிருந்த சிவப்புக் கோடு இம்மியும் விலகியிருக்கவில்லை. அதைக் கண்டு பெருமைப்பட்டேன். சொல்லவே கூசுகிறது.

நெற்குப்பை ஊரைத் தாண்டி, அக்கம்பக்கம் வீடில்லாத அந்தத் தோப்பில் உட்கார்ந்து கிரிக்கெட் பார்க்க வேண்டும் என்பது உங்கள் ஆசை. அதற்கென்றே டிவி வாங்கினீர்கள். ஆண்டெனா கட்ட நீங்கள் சொல்லி வைத்திருந்த ஆளை, தலை தீபாவளிக்கு வந்த நான்தான் வேண்டாமென்றேன். வரைபடத்தையும் திசைகாட்டியையும் கொண்டு கொடைக்கானல் ஒளிபரப்புக் கோபுரத்தின் திசையைக் கணித்து, நானே கூரையேறினேன். கீழே நீங்கள் தவித்துக்கொண்டிருந்தீர்கள்.

"வெயில்ல நிக்கிறீகளே மாப்பிள்ளை! படம் வந்துருச்சு, எறங்குங்க."

"தெளிவா இருக்கா மாமா?"

"கண்ணாடியாட்டம் இருக்கு!"

கோட்டை வரைந்துவிட்டு நான் இறங்கி வருமுன் டிவியை அணைத்து, இலை போடச் சொல்லிவிட்டீர்கள். இனி ஆண்டெனாவை யாரும் தொடக் கூடாது என்று சாப்பிடும்போது விதித்தேன். தலையசைத்தீர்கள். அதன்பின் நாங்கள் வந்த நாள்களில் நீங்கள் டிவியைப் போட்டதே இல்லை. "மாப்பிள்ளை வந்திருக்கையில டிவி என்ன டிவி" என்பீர்கள். அதை மரியாதை என்றே எடுத்துக்கொண்டேன்.

நேற்று அத்தையிடம் கோட்டைக் காட்டி, "பாத்தீங்களா, இத்தனை வருஷத்துல அசையவே இல்லை" என்றேன். அத்தை சிரித்துவிட்டார்.

"அது அசையாததாலதேன் உங்க மாமா கண்ணை மூடுற மட்டும் பந்தைப் பாக்கவே இல்ல. வெள்ளைப் புள்ளியாக் கொட்டும். எது பந்து, எது புள்ளின்னு யாரு கண்டா? சத்தத்தை வச்சுத்தேன் கை தட்டுவாக. கொஞ்சம் அங்குட்டுத் திருப்பிப் பாப்பமான்னா, 'மாப்பிள்ளை கட்டினது, கை வச்சா அவரு மனசு சங்கடப்படும்'னு எம்மேல எரிஞ்சு விழுவாக."

கணக்கு யாருக்கும் தப்பும் மாமா. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மறுபடி ஏறித் திருப்பியிருப்பேன் என்று எழுதத்தான் நினைத்தேன். எழுதும்போதே தெரிகிறது: திருப்பியிருக்க மாட்டேன். வரைபடத்தை விரித்து, உங்கள் கண்ணில்தான் கோளாறு என்று நிறுவியிருப்பேன். அது உங்களுக்குத் தெரிந்திருந்தது.

காரைக்குடிக்குத் திரும்பும் வழியில் உங்கள் மகளிடம் கேட்டேன்: "நீயும் இப்படி எதையாவது எங்கிட்டச் சொல்லாமப் பொறுத்துக்கிட்டு இருக்கியா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க" என்றாள், நான் கேட்டு முடிக்குமுன்பே. "ரோட்டைப் பாத்து ஓட்டுங்க."

அந்தப் பதிலின் வேகத்தைச் சுமந்துகொண்டுதான் வீடு வந்து சேர்ந்தேன். இன்னொரு முறை கேட்கும் துணிவு இதுவரை வரவில்லை, மாமா.