நீ வைத்திருந்த என் இடது கை

மச்சான்,

இன்று காலை அலுமாரியின் மேல்தட்டைத் துடைக்கும்போது உன் பவுடர் டின் கையில் தட்டுப்பட்டது. பழைய பால்மா டின். மூடி இறுகிப்போயிருந்தது. கரண்டிக் காம்பால் நெம்பித் திறந்தேன். கரம் போர்ட்டில் தூவுகிற போரிக் பவுடருக்கென்று தனி வாசம் கிடையாது. ஆனால் நீ அதில் ஒரு பிடி குழந்தைப் பவுடரைக் கலந்துவிடுகிறவன். கேட்டால், "காய் வழுக்கிறதுக்கு இல்லையடா, உன்ர வியர்வை நாத்தத்துக்கு" என்பாய். மூடி திறந்ததும் அந்த வாசம் வந்தது. துடைத்த துணியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே கதிரையில் உட்கார்ந்துவிட்டேன்.

கொட்டாஞ்சேனையில் நம்முடைய ஒழுங்கையில் இரண்டு பேர் குடை விரித்தபடி எதிரெதிரே வர முடியாது. உன் வீட்டு ஜன்னலும் என் வீட்டு ஜன்னலும் நேருக்கு நேர். நீ கட்டிடங்களுக்கு வயரிங் செய்தாய். நான் துறைமுகத்தில் சாமான் எடுத்துக் கொடுக்கிற ஒரு கம்பனியில் கிளார்க். ஞாயிற்றுக்கிழமை கோயில் மணி அடித்து, பூசை முடிந்த சனம் ஒழுங்கையால் போன பிறகு உன் வீட்டில் போர்ட் விரியும். முப்பது வருடத்தில் நான் வென்ற ஞாயிறுகளை இரண்டு கை விரல்களில் அடக்கலாம். நீ இடக்கைக்காரன். உன் ஸ்ட்ரைக்கர் வருகிற கோணம் எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. கரண்ட் அடித்துக் கருகிய தழும்பு ஒன்று அந்தக் கையின் பெருவிரலடியில் இருந்தது. அடிக்கும்முன் அதை உதட்டில் ஒருதரம் ஒற்றுவாய்.

இரண்டாயிரத்து இருபதாம் வருடக் கடைசியில் கொரோனாவுக்காக நம் பக்கத்தைப் பூட்டி வைத்திருந்தார்கள். ஓர் ஒழுங்கையில் ஒருவருக்குக் காய்ச்சல் என்று சுகாதாரப் பகுதி பி.எச்.ஐ.யின் காதில் விழுந்தால் போதும். மஞ்சள் நாடா கட்டுவார்கள், பஸ் வரும், வீட்டோடு ஏற்றிக்கொண்டு போவார்கள். உனக்குக் காய்ச்சல் வந்தபோது உன் மனைவி ராணிக்கு அடுத்ததாக அறிந்தவன் நான். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மெல்லிய குரலில் சொன்னாய்: "ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை. பத்துக் குடும்பம் இருக்கிற இடம். எல்லாம் நாட்சம்பளக்காரர். என்னால பூட்டுப்பட்டா நான் எப்பிடி இவங்கட முகத்தில முழிக்கிறது?"

நானும் சொல்லவில்லை. கொத்தமல்லி அவித்துப் போத்தலில் ஊற்றி, தும்புத்தடியின் நுனியில் கட்டி உன் ஜன்னலுக்கு நீட்டினேன். பெரிய கெட்டித்தனம் செய்கிற மாதிரி இரண்டு பேரும் சிரித்தோம். ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டது. தப்பிவிட்டோம் என்று நினைத்தேன்.

ஆறாம் நாள் காலை ஏழு மணி. ரேடியோவில் செய்தி தொடங்கியதால் நேரம் நன்றாக ஞாபகம். நீ ஜன்னலடியில் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாய். கோப்பை உன் இடது கையிலிருந்து நழுவி விழுந்தது. நீ திடுக்கிடவில்லை. வேறு யாரோ போட்டுடைத்த கோப்பையைப் போல அதைப் பார்த்தாய். உன் வாயின் ஒரு பக்கம் கொஞ்சம் தொய்ந்திருந்தது. "என்னடா?" என்றேன். "நித்திரை காணாது" என்றாய், சொல் குழறியது. "சரி, படு. பிறகு பார்ப்பம்" என்றேன். அம்புலன்ஸ் வந்தால் ஒழுங்கை பூட்டுப்படும் என்பதுதான் அப்போது என் மண்டையில் ஓடியது. நான் உள்ளே போய்ப் பாணும் சம்பலும் சாப்பிட்டேன். மச்சான், அந்தப் பாணை நான் இன்னும் விழுங்கி முடிக்கவில்லை.

பதினொரு மணிக்கு ராணி கத்தினாள். உன்னால் கட்டிலை விட்டு எழும்ப முடியவில்லை. ஆஸ்பத்திரி வாசலில், தலையிலிருந்து கால்வரை மூடிக்கட்டிய உடுப்புக்குள்ளிருந்து ஒரு லேடி டொக்டர் என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "எத்தனை மணிக்குத் தொடங்கினது?" வவுனியாவில் வேலை செய்து பழகிய சிங்களத் தமிழ். பத்து மணி என்று சொல்ல என் வாய் திறந்தது. ஏனோ, "ஏழு" என்றேன். அவர் சுவரில் இருந்த மணிக்கூட்டைப் பார்த்தார். பன்னிரண்டு தாண்டியிருந்தது. மூளைக்குப் போகிற குழாயில் கட்டியான இரத்தத்தைக் கரைக்க ஓர் ஊசி இருக்கிறது, அதை முதல் சில மணித்தியாலங்களுக்குள் போடவேண்டும், பிந்திப் போட்டால் மூளைக்குள் இரத்தம் கசியும் என்று சொன்னார். ஏசவில்லை. ஏசியிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

நீ எதற்குப் பயந்தாயோ அதுவும் நடந்தது. மாலைக்குள் நாடா கட்டினார்கள். பதினான்கு நாள் எல்லாரும் உள்ளே. ஆனால் ஒருவரும் உன்னைத் திட்டவில்லை. கடைசி வீட்டு மீன்காரர் தினமும் கதவைத் திறந்துகொண்டு, "அவருக்கு எப்பிடியாம்?" என்று கேட்பார். இந்தச் சனத்துக்குப் பயந்தா நாம் ஒளித்தோம் என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

ஒரு மாதம் கழித்து உன்னைக் கொண்டுவந்து விட்டார்கள். பேச்சுத் தெளிவு, நக்கலும் பழையபடி. ராணி சோறு போட்டுத் தந்தாள். நீ தட்டின் வலது பாதியை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "இவ்வளவுதானா? ஆஸ்பத்திரியே பரவாயில்லை" என்றாய். இடது பாதியில் சோறும் பருப்பும் மீன் துண்டும் தொடாமல் கிடந்தன. ராணி அழத் தொடங்கினாள். நான் தட்டைப் பிடித்து அரை வட்டம் சுற்றினேன். "ஆ, இப்ப போட்டிருக்கு" என்று சந்தோஷமாகச் சாப்பிட்டாய். முகம் வழித்தாலும் அப்படித்தான், வலது கன்னம் பளபளக்கும், இடது கன்னத்தில் ஒரு கிழமைத் தாடி. உன் கண்ணில் ஒரு பழுதும் இல்லை. உலகத்தில் இடது பக்கம் என்று ஒன்று இருப்பதே உனக்கு அற்றுப்போயிருந்தது, அற்றுப்போனதும் உனக்குத் தெரியவில்லை.

கிளினிக்கில் அதே டொக்டரைக் குரலை வைத்துக் கண்டுபிடித்தேன். முகக்கவசத்துக்கு மேலே இருபத்தெட்டு, முப்பது வயதுக் கண்கள். "கண் நல்லம் அங்கிள். கண் எல்லாம் கொண்டுபோய்க் குடுக்குது. மூளை இடது பக்கத்தைக் கூப்பிடுறது இல்லை" என்றார். பிரஷர் இல்லாத, சீனி இல்லாத மனிதனுக்கு எப்படி வந்தது என்று கேட்டேன். இந்தக் கிருமி நெஞ்சோடு நிற்பதில்லை, இரத்தக் குழாயின் உட்சுவரைப் புண்ணாக்குகிறது, இரத்தமும் கட்டிபடத் தொடங்குகிறது, காய்ச்சல் லேசாகப் போனவர்களிலும் சிலருக்கு இப்படி வருகிறது என்றார். ஒரு கிழமையில் செத்தவர்களையும், தாமே நடந்து வீட்டுக்குப் போனவர்களையும் கண்டிருக்கிறாராம். உன் பக்கத்துக் கட்டில் அம்மாவுக்குச் சொல்வதெல்லாம் விளங்கியதாம், வாயில் ஒரு சொல்லும் வரவில்லையாம். "ஏன் ஒராளுக்கு ஒரு மாதிரி எண்டு முழுக்க எங்களுக்கும் தெரியாது. எப்பவும் இவருக்கு இடது பக்கத்தில நில்லுங்க. அங்க இருந்து கூப்பிடுங்க. மூளை தேடிப் பழகவேணும்."

அன்றிலிருந்து நான் உனக்கு எதிரே உட்காரவில்லை. போர்ட்டை விரித்து, உன் இடது பக்கமாக ஒரு ஸ்டூலைப் போட்டேன். நீ வலது கையால் அடித்தாய். இடது குழியின் வாயில் விழக் காத்து நிற்கிற காயை விட்டுவிட்டு, வலப்பக்கத்தில் நடவாத காரியத்துக்கு முயல்வாய். நான் போர்ட்டைச் சுற்றுவேன். "இது எங்கயிருந்து வந்தது? ஒளிச்சு வச்சனியா?" என்று என்னைக் கள்ளன் ஆக்குவாய். உலகத்தின் பாதியை ஒரு பலகையைச் சுற்றி ஒருவனுக்குத் திருப்பிக் கொடுக்கலாம் என்பதை ஐம்பத்தாறு வயதில் அறிந்துகொண்டேன்.

ஆனால் என்னை உலுக்கிப்போட்டது அந்தக் கைதான். ஒருநாள் மடியில் கிடந்த உன் இடது கையை வலது கையால் தூக்கி என் பக்கம் நீட்டினாய். "இந்தா, உன்ர கை. எந்த நேரமும் என்ர மடியில போட்டுக்கொண்டு திரியிறாய்."

"டேய், அது உன்ர கை."

"என்ர கை எண்டா எனக்குத் தெரியாதா? உன்ரதான். பார், நகமும் வெட்டேல்ல."

நான் என் இரண்டு கைகளையும் உன் முகத்துக்கு நேரே காட்டினேன். "அப்ப எனக்கு மூண்டு கையா?" நீ கொஞ்சமும் யோசிக்கவில்லை. "அதுக்கு நான் என்ன செய்ய?" என்றாய். அந்தக் கையை உன்னிடமிருந்து பறித்தது நான் சாப்பிட்ட அந்தப் பாண் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். அது என்னுடையது என்று நீயே என் மேல் தூக்கிப்போட்டபோது, தீர்ப்புச் சொல்கிறாயோ என்று நடுங்கினேன்.

டொக்டரிடம் சொன்னேன். "வாதாடாதீங்க அங்கிள். பொய்யும் சொல்லாதீங்க" என்றார். நான் இரண்டாவதைக் கேட்கவில்லை. உனக்கென்றால் கைப் பயிற்சியே செய்யமாட்டாய், "பிறகு, பிறகு" என்பாய். ஒருநாள் மாலை சொன்னேன்: "சரி மச்சான், என்ர கைதான். நோகுது. கொஞ்சம் தேய்ச்சு விடு." நீ உடனே நல்லெண்ணெய் கேட்டு வாங்கி, விரல் விரலாக நீவி, மடக்கி, நிமிர்த்தி, "நோகுதா? இப்ப?" என்று என் முகத்தைப் பார்த்தாய். அதைப் பார்க்க நீ இடது பக்கம் தலையைத் திருப்பவேண்டியிருந்தது. ஆறு மாதம் நாங்கள் கத்திக் கூப்பிட்டும் திரும்பாத தலை, என் கைக்கு நோகும் என்றதும் திரும்பியது. ராணி குசினி வாசலில் அகப்பையோடு அசையாமல் நின்றாள். மனிதனுக்குள் என்னதான் இருக்கிறது மச்சான்? சொந்தக் கையைத் தொலைக்கிற அளவு உடைந்த ஒரு மூளைக்குள், இன்னொருவனுடைய நோவுக்கு மட்டும் ஒரு வழி திறந்திருந்தது. நான் கோயிலில் கும்பிட்டிருக்கிறேன். அந்த மாலையில் உன் முன்னால் ஸ்டூலில் இருந்தபடி கும்பிட்டது போல ஒருநாளும் கும்பிட்டதில்லை.

தினமும் அந்தியில் தேய்த்தாய். ஒருநாள், "மச்சான், உன்ர விரல் ஆடுது" என்றாய். ஆடியது. மழை பிடித்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த விரலை ஸ்ட்ரைக்கருக்குப் பின்னால் வைத்துவிட்டேன். அது ஒரு சாண் தூரம் போய் நின்றது. "உன்ர கைக்கு விளையாடத் தெரியாது எண்டு நான் முப்பது வருசமாச் சொல்லுறன்" என்று வயிறு குலுங்கச் சிரித்தாய்.

அன்றுதான் எனக்குத் துணிவு வந்தது. "அண்டைக்குக் காலமை ஏழு மணிக்கே கோப்பை விழுந்ததைக் கண்டனான். பேசாமல் போய்ச் சாப்பிட்டனான். பிந்தினது என்னாலதான்" என்றேன். நீ எண்ணெயை விடாமல் தேய்த்துக்கொண்டிருந்தாய். "நீ ஜன்னலில நிண்டது தெரியும். சொல்லாதை எண்டு கேட்டது நான்தானே" என்றாய். பிறகு பெருவிரலடித் தழும்பில் வந்து உன் விரல் நின்றது. அதை நெடுநேரம் பார்த்தாய். "இப்பிடி ஒரு தழும்பு எனக்கும் இருந்தது" என்றாய். அதை உதட்டில் ஒருதரம் ஒற்றிவிட்டு, மறுபடி தேய்த்தாய்.

இரண்டு வருடம் அப்படி ஓடியது. தடியூன்றி ஒழுங்கை முனைவரை நடந்தாய். தட்டைச் சுற்றவேண்டிய நாட்கள் குறைந்தன. கடைசி ஞாயிற்றுக்கிழமை நான் எழும்பும்போது, இடது கையைத் தூக்கி என் மடியில் வைத்தாய். "இந்தா, உன்ர கையைக் கொண்டுபோ. நல்லாக்கித் தந்திருக்கிறன். இனி நீ பார்த்துக்கொள்." அறிந்து சொன்னாயா, அறியாமல் சொன்னாயா என்று எனக்குத் தெரியாது. உன் கண்ணில் அந்த நக்கல் இருந்த மாதிரித்தான் இருந்தது. புதன்கிழமை காலை உன் நெஞ்சு நின்றுவிட்டது. இந்தமுறை ராணியும் நானும் ஒரு நிமிடம்கூடப் பிந்தவில்லை. ஆனாலும் நீ நிற்கவில்லை.

செத்த வீட்டில் எல்லாரும் உன் வலது பக்கமாக வந்து போனார்கள். நான் சுவரோரம், உன் இடது பக்கத்தில் நின்றேன். "ஏன் இதுக்குள்ள நெரிபடுறீங்கள்?" என்று மீன்காரர் கேட்டார். "டொக்டர் நிக்கச் சொன்னவா" என்றேன்.

சிரிப்பாய் என்றால் ஒன்று சொல்கிறேன். போன மாதம் தேத்தண்ணீர்க் கடையில் ஒரு மனிதன் கோப்பையை நழுவவிட்டான். நான் பாய்ந்து, "சிரிச்சுக் காட்டு, கையைத் தூக்கு, பேர் சொல்லு" என்று பிடித்துக்கொண்டு, ஓட்டோவையும் கை காட்டி நிறுத்திவிட்டேன். அவன் சிங்களத்தில் நன்றாகக் கிழித்தான். கோப்பை சூடாம், அவ்வளவுதான். கடையே என்னைப் பார்த்துச் சிரித்தது. சிரிக்கட்டும். இனி ஒரு கோப்பை விழுந்த பிறகு நான் உள்ளே போய்ப் பாண் சாப்பிடமாட்டேன்.

டின்னை மூடிப் பழைய இடத்தில் வைக்க மனம் வரவில்லை. டின்னோடு ராணி தந்துவிட்ட உன் போர்ட்டை எடுத்து, கொஞ்சம் தூவி, இடது கையால் அடித்துப் பார்த்தேன். ஸ்ட்ரைக்கர் எங்கேயோ போனது. பிறகு உன்னைப் போல எண்ணெய் எடுத்து, என் இடது கையை விரல் விரலாகத் தேய்த்தேன். நான் இதை ஒவ்வோர் அந்தியிலும் செய்கிறேன், ராணிக்குக்கூடத் தெரியாது. பெருவிரலடிக்கு வந்ததும் விரல் தானாக நின்றுவிடுகிறது. அங்கே தழும்பு இல்லை. இருந்தாலும் நின்று, "நோகுதா மச்சான்?" என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்த விரலுக்குப் போகிறேன்.