அகலத் திரையில் மட்டும்

மாம்போங்
6 மே 2022

என் செல்லம் செர்வாவுக்கு,

பத்திரமாக ஊர் வந்து சேர்ந்தேன். குமாசி வண்டிக்காரரிடம் இந்தக் கடிதத்தோடு ஷிட்டோ மிளகாய்த் தொக்கும் கொடுத்தனுப்புகிறேன். புட்டியைக் கழுவித் திருப்பி அனுப்பு, அடுத்த தடவைக்கு வேண்டும்.

உன் கல்லூரிக் கணினியில், நீ செய்த இணைய அறிவிப்பில், உன் அப்பா படத்துக்குப் பக்கத்தில் "மனைவி: நியார்கோவா" என்று பார்த்த பிறகுதான் எனக்குச் சோறு இறங்குகிறது. என் வீட்டில் முறைப்படி பானம் வைத்துப் பெண் கேட்காமல் உன் அப்பாவோடு வாழ்ந்தவள் என்று இத்தனை வருஷமும் குத்திக் காட்டிய உன் பெரியப்பா, இதற்கு எப்படிச் சம்மதித்தார்? நீ வாக்குக் கொடுத்தபடி செய்துவிட்டாய். நான் பெற்ற மகள்கூட இவ்வளவு செய்வாளா என்று தெரியவில்லை.

அடுத்த வாரச் சனிக்கிழமை உன் அப்பாவின் சாவுக்கூடலுக்குக் கறுப்புத் துணி எடுத்துவிட்டேன். விதவை நாற்காலியில் நிமிர்ந்து உட்காரப் போகிறேன்.

உன் அம்மா,
நியார்கோவா

குமாசி
9 மே 2022

அன்புள்ள அம்மா,

தொக்கு கிடைத்தது. அறைத் தோழிகள் பாதியைக் காலி செய்துவிட்டார்கள்.

பெரியப்பாவும் பக்கத்தைப் பார்த்தார், சரி என்றுவிட்டார். சாவுக்கூடலுக்கு ஊரில் ஒட்டும் சுவரொட்டிக்குப் பதிலாக இணையப் பக்கம் போதும் என்று அவரிடம் கெஞ்சி வாங்கிய வேலை இது. எனக்கு இதுதான் தேர்வு வேலையும். ஒரே பக்கம் எல்லா அளவுத் திரையிலும் ஒழுங்காக நிற்க வேண்டும். சின்னத் திரையில் எதை வைப்பது, எதை மறைப்பது என்று முடிவெடுப்பதில்தான் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது என்பார் வாத்தியார். கைபேசிக்கு அப்பா படம், நேரம், பெரியவர்கள் பெயர், அவ்வளவுதான் வைத்தேன். அதெல்லாம் உங்களுக்கு எதற்கு?

சனிக்கிழமையே தேர்வு. என்னால் வர முடியாது, மன்னியுங்கள்.

உங்கள் மகள்,
செர்வா

மாம்போங்
17 மே 2022

செர்வா,

விதவை நாற்காலியில் உட்கார்ந்தேன். உன் பெரியப்பா அம்போன்சா வந்தார்.

"யம்மா, எந்திரி. இது பொண்டாட்டிக்குப் போட்ட நாற்காலி."

"என் பேரு போட்டிருக்கே பெரியவரே. செர்வா போட்டிருக்கா."

"எங்க போட்டிருக்கா? காட்டு பாப்போம்."

அவர் போனை என் மூக்குக்கு நேரே நீட்டினார். பந்தலில் ஆளுக்கொரு போனைத் திறந்தார்கள். எதிலும் நான் இல்லை. "ஏண்டி, கனவு கினவு கண்டியா?" என்று ஒருத்தி கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். எழுந்துபோய்ச் சமையல்காரிகளோடு வெங்காயம் உரித்தேன். அங்கே அழுதால் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள்.

சாயங்காலம் பக்கத்து வீட்டு எஃபியா, உன் அப்பா படம் பெரிதாகத் தெரியட்டும் என்று போனைப் படுக்கையாகத் திருப்பினாள். என் பெயர் வந்தது. நிமிர்த்தினாள், போய்விட்டது. திரும்பத் திரும்பச் செய்து பார்த்தோம்.

இது கை தவறியதா, நீயாகச் செய்ததா? தவறிவிட்டது என்று ஒரு வரி எழுது. நம்பிக்கொள்கிறேன்.

நியார்கோவா அம்மா

குமாசி
19 மே 2022

அம்மா,

தவறிவிட்டது என்று எழுதிப் பார்த்தேன், கிழித்துவிட்டேன். நானாகத்தான் செய்தேன். உங்கள் பெயரை எடுக்காவிட்டால் நான் அப்பா வீட்டுப் படி ஏறக்கூடாது என்றார் பெரியப்பா. உங்களுக்கோ வாக்குக் கொடுத்திருந்தேன். அகலத் திரை உங்களுக்கு, போன் அவருக்கு, இரண்டு பேரும் சந்தோஷமாக இருப்பீர்கள் என்று நினைத்தேன். நம் ஊரில் எல்லாரும் போனில்தான் பார்ப்பார்கள் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

இப்போது எந்தத் திரையிலும் உங்கள் பெயர்தான் முதலில் வரும். பெரியப்பா என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும். எஃபியா அக்காவிடம் காட்டச் சொல்லுங்கள். திட்டியாவது எழுதுங்கள் அம்மா.

உங்கள் மகள்,
செர்வா

மாம்போங்
30 மே 2022

செர்வாவுக்கு,

பார்த்தேன். நிமிர்த்தியும் பார்த்தேன், படுக்கவைத்தும் பார்த்தேன். பெயர் இருக்கிறது. பந்தலைப் பிரித்தாயிற்று, நாற்காலிகளை வாடகைக்காரன் கொண்டுபோய்விட்டான். இனி யார் பார்க்கப் போகிறார்கள்?

டெச்சிமானில் என் அண்ணன் வீட்டுக்குப் போகிறேன். உன் அப்பா வீட்டுச் சாவியை உன் பெரியப்பாவிடம் கொடுத்துவிட்டேன். நீ படி ஏறலாம்.

வேளைக்குச் சாப்பிடு. தொக்கு அனுப்பியிருக்கிறேன். புட்டியைத் திருப்பி அனுப்ப வேண்டாம்.

நியார்கோவா