“நடுவுல”ன்னு சொல்லுடா

அன்பு மகள் ஷாயலுக்கு, ஃபிஜி லம்பாசாவிலிருந்து அம்மா எழுதுவது. நானும் ஆடுகளும் இங்கே சுகம், நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அந்தக் கனடாக் குளிரில் சுகமாக இருக்க வேண்டும் என்பதே எனக்கு முதல் நினைப்பு. குழந்தையின் காதை மூடாமல் வெளியே தூக்கிக்கொண்டு போகாதே. அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தையும் காணோமே என்று பார்க்கிறாயா, அவரைப் பற்றித்தான் இந்தக் கடிதமே, பயப்படாதே, கெட்ட செய்தி இல்லை.

உன் சந்திர பான் சித்தப்பாவின் நிலக்குத்தகை முடிந்துவிட்டது. நிலத்துக்காரர் சைலோசி முறைப்படி, காணிக்கையாக வைக்கிற யங்கோனா வேரோடு வந்து உட்கார்ந்து சொல்லிவிட்டுப் போனார், அவருடைய மகன்களே இனி கரும்பு போடப் போகிறார்களாம், அவர்கள் நிலம், நாம் என்ன சொல்ல முடியும். நம் துண்டுக்குக் குத்தகை முடிய இன்னும் காலம் இருக்கிறது. சித்தப்பா வீட்டைப் பிரித்து, தகரமும் மரமும் லாரியில் ஏற்றி, கடல் தாண்டி நவுவாவில் பிரேம் காந்தா சித்தியின் அண்ணன் பக்கத்தில் போய்க் கட்டப்போவதாக முடிவு செய்துவிட்டார். இதை உன் அப்பா கடைக்காரர் சொல்லித்தான் தெரிந்துகொண்டார். செம்பருத்தி வேலிக்கு அந்தப் பக்கம் தம்பி, இந்தப் பக்கம் அண்ணன், பேச்சு கிடையாது. காரணம் உனக்குத் தெரிந்ததுதான், அந்த வருஷம் சித்தப்பா நம் கரும்பு வெட்டுக் கும்பலை விட்டு வேறு கும்பலில் சேர்ந்தார், நமக்கு ஆள் குறைந்தது, மழை பிடித்துக்கொண்டது, சர்க்கரை மில் அந்த வருஷத்துக்கு மூடும்போது நம் கரும்பில் பாதி வயலிலேயே நின்றது. அப்பா வேலியோரம் போய் நின்று கேட்டார், “எனக்கும் குடும்பம் இருக்குண்ணே” என்று சித்தப்பா சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு அப்பா அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ரேடியோவில் ஒரு நிகழ்ச்சி வருகிறது, அறிவிப்பாளர் ஒரு நல்ல ஹிந்திச் சொல்லைக் கொடுப்பார், ஜனங்கள் போன் செய்து அதை வாக்கியத்தில் வைத்துச் சரியாகச் சொன்னால் அரிசி மூட்டை பரிசு. அப்பா தவறாமல் கேட்பார். ராமாயண மண்டலியில் பண்டிதர் தப்பாக வாசித்தாலே எழுந்து நின்று திருத்துகிறவர், இதை விடுவாரா. அன்றைக்குச் சொல், அந்தர். வீட்டுப் பேச்சில் நாம் ஃபரக் என்றுதானே சொல்வோம், இது படித்தவர்கள் சொல், வித்தியாசம் என்றும் வரும், பிரிவு, இடைவெளி என்றும் வரும். முதலில் தவுவாவிலிருந்து ஒரு அம்மாள், “மழை வந்துச்சு, கோழியெல்லாம் அந்தர் போயிருச்சு” என்றாள். அறிவிப்பாளர் சிரித்துவிட்டார். “அக்கா, நீங்க சொன்னது ‘உள்ளே’ங்கிற சொல்லு. ‘த’வுல நாக்கை இன்னும் கொஞ்சம் அழுத்துங்க, அப்பத்தான் ‘வித்தியாசம்’னு வரும்” என்றார். நானும் சிரித்தேன், அப்பா சிரிக்கவில்லை, படிப்பு போச்சு என்று தலையில் அடித்துக்கொண்டார்.

அடுத்த குரல் முதலில் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டது, அப்புறம்தான் ரேடியோவில் வந்தது. சித்தப்பா. “எங்கண்ணன்லயும் என்னிலயும் அந்தர் இருக்கு” என்றார். அறிவிப்பாளர், “வாக்கியம் சரி, என்ன அந்தர், அவர் உசரம், நீங்க குள்ளமா?” என்று கேட்டார். “இல்லீங்க, பாக்க ஒண்ணாத்தான் இருப்போம். இது வேற. இப்ப வந்தது. எப்படிச் சொல்றதுன்னு தெரியல” என்று சித்தப்பா நின்றுவிட்டார். அப்பா ரொட்டியைத் தட்டில் போட்டுவிட்டு ஜன்னலுக்குப் போய்க் கத்தினார். “நடுவுலன்னு சொல்லுடா மடையா. ரெண்டு பேருக்கு நடுவுல அந்தர் வந்துருச்சு, அப்படிச் சொல்லு. அண்ணன்லயும் என்னிலயும்னா மூக்கு முழி வேறன்னு அர்த்தம்.” அது சித்தப்பாவின் போன் வழியாகப் போய் நம் ரேடியோவிலேயே திரும்பி வந்தது. ஃபிஜி முழுக்கக் கேட்டிருக்கும். பின்னால் யார் கத்துவது என்று அறிவிப்பாளர் கேட்டார். “அவருதாங்க. எங்கண்ணன்” என்றார் சித்தப்பா. பிறகு அப்பா சொன்னபடியே சொன்னார், “எங்கண்ணனுக்கும் எனக்கும் நடுவுல அந்தர் வந்துருச்சு. அவர் கரும்பு மழையில நின்னப்ப நான் போகல, அதனால வந்துச்சு.” அறிவிப்பாளர் சட்டென்று பாட்டைப் போட்டுவிட்டார். அண்ணன் சொல்லிக்கொடுத்த வாக்கியம் செல்லாதாம், அரிசி மூட்டை திரும்பக் கூப்பிட்டுத் திருத்திச் சொன்ன தவுவாக்காரிக்கே போயிற்று.

அப்பா கையைக் கழுவிவிட்டு அன்று முழுவதும் ஆட்டுக் கயிறுகளைத் திரித்துக்கொண்டிருந்தார். மறுநாள் காலையில் பார்த்தால் கடப்பாரையைத் தோளில் வைத்துக்கொண்டு, ரோட்டு வழியாகப் போகாமல் செம்பருத்தியை விலக்கி நுழைந்து போய், சித்தப்பா வீட்டுக் கூரையில் ஏறி ஆணி பிடுங்குகிறார். நான் டீ கொண்டுபோனேன். பிரேம் காந்தா என்னைப் பார்த்ததும் தலையில் போட்டிருந்த ஓர்னியால் முகத்தை மூடிக்கொண்டாள். ஏணியில் நின்ற சித்தப்பா, “அந்த ஆணி துருப்புடிச்சதுண்ணே, விட்டுருங்க” என்றார். அப்பா, “நீ தகரத்த வளைக்காம இறக்கு, நவுவால மழை ஜாஸ்தி” என்றார். அவ்வளவுதான், மன்னிப்பும் கிடையாது, அழுகையும் கிடையாது, நான்தான் டீத்தம்ளரை வைத்துக்கொண்டு நின்றேன். எந்த மரம் எந்தச் சுவருக்கு என்று அப்பா கரித்துண்டால் ஒவ்வொன்றிலும் எழுதிவைத்தார், அதிலும் எழுத்துப் பிழை வரக்கூடாது அவருக்கு.

லாரி கிளம்பிய அன்று சைலோசியும் மகன்களும் வந்து மரம் ஏற்றினார்கள். நபோவாலு கப்பல் துறைவரைக்கும் போய் வழியனுப்பிவிட்டு வருகிறேன் என்று அப்பாவும் ஏறிக்கொண்டார். சாயங்காலம் சைலோசியின் மனைவி போனுடன் ஓடிவருகிறாள், உன் அப்பா கப்பலுக்குள் இருக்கிறாராம். படகைப் பார்த்தாலே வாந்தி எடுக்கிறவர், மாற்றுச் சட்டைகூட இல்லை. “அவன் ஒத்தையில எப்படித் தூக்குவான்” என்கிறார். இத்தனை நாள் வேலி தாண்டாத மனுஷன் கடல் தாண்டிவிட்டார். திரும்புவதைப் பற்றிக் கேட்டால், முதலில் சுவர் நிற்கட்டும் என்றார், பிறகு கூரை, இப்போது சமையல்கட்டு பாக்கி என்கிறார்.

இங்கே அந்த வீடு இருந்த இடத்தில் தூண் குழிகள்தான் இருக்கின்றன, நம் ஜன்னலிலிருந்து ரோடு தெரிகிறது. பேசாமல் இருந்த நாட்களில்கூடப் பிரேம் காந்தா பாத்திரம் உருட்டும் சத்தம் கேட்கும், பொழுது போகும். இப்போது குடிப்பதற்கு முன்னாலேயே டீ ஆறிவிடுகிறது. நீ இதற்காக வருத்தப்படாதே, நான் நன்றாகத்தான் இருக்கிறேன், குட்டி போட்ட ஆட்டுக்குத் தீனி போடுவதிலேயே பொழுது சரியாகிவிடுகிறது.

ராமர் உங்களுக்கு நல்ல உடம்பும் நல்ல தூக்கமும் கொடுக்கட்டும், குழந்தைக்கு என் முத்தம். நம் வீட்டுப் போன் அப்பாவின் சட்டைப் பையில்தான் இருக்கிறது, ஒரு நாள் கூப்பிட்டுப் பேசு, சித்தப்பாவிடமும் கொடுக்கச் சொல், சித்தியை விசாரி. எப்போது திரும்பி வருவீர்கள் என்று மட்டும் அப்பாவிடம் கேட்டுவிடாதே.

உன் அம்மா,
சம்பா வதி