பொத்தானில்லாத சட்டையும் பாதிப்பில்லாத விரல்களும்

அனுப்புநர்:
சட்டை தைக்கும் தையல்காரர்,
மருத்துவமனைப் பின்வாசலுக்கு எதிர்க் கடை.

பெறுநர்:
மருத்துவக் கண்காணிப்பாளர் அவர்கள்,
புற்றுநோய் மருத்துவமனை.

பொருள்: கீமோவினால் என் விரல் நரம்புகளுக்குப் பாதிப்பில்லை என்ற பதிவை நீக்கி, அடுத்த கீமோவுக்கு முன் மறுபரிசோதனை செய்யக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. தங்களிடம் கீமோ எடுத்து வருகிறேன். கட்டி சுருங்கி வருகிறது. அந்த நன்றியோடு சேர்த்தே இம்மனுவைப் படிக்க வேண்டுகிறேன்.

2. சென்ற முறை நரம்புச் சோதனை என்று நர்ஸ் அம்மா கேட்டது ஒரே கேள்வி: "சட்டைப் பொத்தான் போடக் கஷ்டமா இருக்கா?" "இல்லைங்க" என்றேன். உண்மைதான். விரல் மரத்துப்போக ஆரம்பித்ததுமே என் சட்டைப் பொத்தான்களையெல்லாம் வெட்டிவிட்டு வெல்க்ரோ ஒட்டுப்பட்டை வைத்துத் தைத்துக்கொண்டேன். தையல்காரனுக்கு இதுகூடவா தெரியாது? பொத்தானே இல்லாத சட்டையில் பொத்தான் போட யாருக்குத்தான் கஷ்டம்? 'பாதிப்பு இல்லை' என்று எழுதி, "கொடுத்து வெச்சவர் நீங்க" என்று வாழ்த்தி அனுப்பினார். நானும் பூரித்துப்போய் வீடு திரும்பினேன்.

3. மறுநாளே மெஷின் ஊசி என் ஆள்காட்டி விரலில் இறங்கியது. பாதிப்பில்லாத அவ்விரலுக்கு அது தெரியவில்லை. துணி சிவப்பதைப் பார்த்த என் மனைவிதான், "ஏங்க, விரலையும் சேர்த்துத் தைக்கிறீங்களே" என்று மெஷினை நிறுத்தினாள். வாடிக்கையாளர் கேட்டிருந்தது வெள்ளைக் காலர்.

4. ஓடிவந்து முறையிட்டேன். "எழுதினது எழுதினதுதான். அடுத்த சோதனை கீமோ எல்லாம் முடிஞ்சப்புறம்" என்றார் எழுத்தர். எரிந்து முடிந்த பிறகுதான் தீயணைப்பு வண்டி வரும் என்பதை முன்கூட்டியே சொன்ன அவரது நேர்மையைப் பாராட்டுகிறேன். மருந்தைக் குறைப்பதா வேண்டாமா என்று டாக்டர் முடிவு செய்வது அந்தப் பதிவைப் பார்த்துத்தானாம். ஆகவே திங்கட்கிழமை எனக்கு முழு அளவு காத்திருக்கிறது.

5. ஐயா, பயமாக இருக்கிறது. மருந்தை நிறுத்தச் சொல்லவில்லை. சாக எனக்கு ஆசையில்லை. திங்களுக்கு முன் என்னைக் கண்ணை மூடச் சொல்லி, ஒவ்வொரு விரலாகத் தொட்டு, தெரிகிறதா என்று கேட்க உத்தரவிடுங்கள். இதுவரை அவ்விரல்களை அங்கே யாரும் தொட்டுப் பார்க்கவில்லை. நான் சொல்வதை எழுதிக்கொண்டு, பிறகு டாக்டர் அளவை முடிவு செய்யட்டும். என்னைக் காப்பாற்றிவிடுவீர்கள் என்று நம்புகிறேன். அதன் பிறகு நான் தைத்துத்தான் பிழைக்க வேண்டும்.

இடம்: கடை
தேதி: கீமோவுக்கு முந்தைய வெள்ளி

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
(கையொப்பம்)
தையல்காரர்

குறிப்பு: மனுவை எழுதியவர் என் மனைவி. கையெழுத்து மட்டும் நான் போட்டது. பேனா கையில்தான் இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்துப் போட்டேன்.