சம்பந்தத்தோடு கடலுக்கு

கனகா,

நீ பால் பூத்திலிருந்து வருவதற்குள் கிளம்பிவிட்டேன். சாவி எதிர்வீட்டில். கேஸ்காரர் வந்தால், காலி சிலிண்டர் கதவோரம் இருக்கிறது.

உன் தம்பி சம்பந்தத்தைக் கோழை என்று சொல்லிவிட்டேனாம், மூன்று நாளாக நீ என்னோடு பேசவில்லை. "அவன் கோவளத்துல படகு பேசி வச்சிருக்கான், மீன் பிடிக்கப் போறான். தைரியம் இருந்தா நீங்களும் கூடப் போங்க" என்றதுதான் கடைசிப் பேச்சு. போகிறேன்.

அந்த மாவீரன் கட்டிய மூட்டையைப் பார்த்தேன். டிரான்சிஸ்டர், பவுடர் டப்பா, இஸ்திரி போட்ட பேன்ட் எல்லாம் இருக்கிறது. தூண்டிலுக்கு இரை மட்டும் இல்லை. கேட்டால், "கடல்ல போய் வாங்கிக்கலாம் மாமா" என்கிறான். நான் மட்டும் என்ன ஒழுங்கு? முடிச்சூர் ரோட்டில் மழைத்தண்ணீர் நின்றாலே வீட்டுக்குத் திரும்பிவிடுகிற மாலுமி.

மீன் குழம்புக்கென்று புளி ஊறவைக்காதே. சாம்பாருக்குப் பருப்பு போடு.

மூர்த்தி

பி.கு.: எங்கள் இருவருக்கும் நீச்சல் தெரியாது. மிதக்க லாரி டியூப் ஒன்றே ஒன்றுதான் கிடைத்தது. கவலைப்படாதே, அதை அவன் இடுப்பில்தான் கட்டுவேன். அவனை விட்டுவிட்டு நான் மட்டும் கரையேறினால், இந்த ஜென்மத்தில் நீ என்னோடு பேசப்போவதில்லை.