மூன்றாவது துண்டுக்குப் பிறகு

இன்றைக்கும் கையில் வினிகர் வாசனையோடுதான் வீட்டுக்கு வந்தேன். சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவியும் போகவில்லை. எங்கள் லேபுக்குப் புதிதாக வந்திருக்கும் மைக்ராஸ்கோப்பின் வேலை இது. அறுத்தெடுத்த தோல் துண்டை அந்தப் புளித்த நீரில் ஒரு முக்கு, சாயத்தில் ஒரு முக்கு. அப்படியே மெஷினில் வைத்தால் சில நிமிடத்தில் திரையில் படம் வந்துவிடுகிறது. உறைய வைக்க வேண்டாம், சீவ வேண்டாம். ஓரத்தில் புற்று மிச்சமிருக்கிறதா என்று டாக்டர் உட்கார்ந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறார். எல்லாருக்கும் சந்தோஷம். எனக்கு மட்டும் அதன் முன்னால் நிற்கவே பிடிக்கவில்லை. உன்னிடம்தான் இதைச் சொல்ல முடியும். நீ போய் இரண்டு வருடமாகிறது.

வலியசாலையில் நம் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். பிறவியிலேயே உனக்குத் தோலில் நிறம் கிடையாது. முடியும் இமையும்கூட வெளுப்பு; வெயில் பட்டால் சிவந்து கொப்புளித்துவிடும். பள்ளிக்கூடத்தில் வெள்ளைக்காரி என்று கேலியாக 'மதாம்மா' என்று கூப்பிடுவார்கள். நீ திரும்பிப் பார்த்து "குட் மார்னிங்" சொல்லிவிட்டுப் போவாய். கழக்கூட்டத்தில் ஒரு கம்பெனியில், போனில் வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்லும் வேலை கிடைத்தபோது, "போன்ல என் நெறம் யாருக்குத் தெரியும், கேட்டியா?" என்று சிரித்தாய். முழுக்கைச் சட்டை, குடை, முகமெல்லாம் களிம்பு. அவ்வளவு செய்தும் பஸ்ஸுக்கு நின்ற வெயில் காதோரத்தில் தங்கிவிட்டது. ஆறாத புண்ணை மாதக்கணக்கில் முடியால் மறைத்து வைத்திருந்தாய். காற்றில் முடி விலகியபோது பார்த்துவிட்டு, நான்தான் உன்னை எங்கள் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு வந்தேன்.

அப்போது இந்த மெஷின் இல்லை. டாக்டர் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்தெடுப்பார். ஒவ்வொரு துண்டையும் நான் உறைய வைத்து, மெல்லிசாகச் சீவி, சாயமேற்றி அவரிடம் கொடுக்க வேண்டும். ஒரு சுற்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதுவரைக்கும் நீ காதோரம் பெரிய கட்டோடு வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாய். முதல் துண்டில் ஓரம் சுத்தமில்லை. இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவது துண்டில் கொழுப்பு அதிகம். சீவச் சீவக் கிழிந்துகொண்டே இருந்தது. மத்தியானம் நான் சாப்பிடவில்லை. டாக்டர் மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே, "குறச்சு கூடி எடுக்கணும்," என்றார்.

வெளியே வந்தேன். மரப்பு ஊசியின் வேகம் இறங்கி உனக்கு வலி தொடங்கியிருந்தது.

"இன்னுமா டீ?"

"இன்னும் ஒரு துண்டு கூட எடுக்கணுமாம்."

"மதி டீ, போதும். இனி வய்யா, தாங்க முடியல. கட்டிவிடச் சொல்லு."

"டாக்டர்கிட்ட கேக்கட்டா?"

"கேக்காண்டாம். சொல்லு."

வேறு ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே போய்ச் சொன்னேன். டாக்டர் வந்து பேசிப் பார்த்தார். நீ அசையவில்லை. கட்டை மாற்றிவிட்டு, அடுத்த வாரம் கட்டாயம் வர வேண்டும் என்றார். உண்மையை எழுதிவிடுகிறேன். அன்றைக்குச் சீவும் மெஷினை நிறுத்தியபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. இனி வீட்டுக்குப் போகலாம் என்றுதான் தோன்றியது.

அடுத்த வாரம் நீ வரவில்லை. லீவு இல்லை என்றாய். அப்புறம், "ஓணம் கழியட்டும் டீ." சுவருக்கு இந்தப் பக்கம் இருந்துகொண்டு நானும் கேட்டுக் கேட்டு அலுத்து, கேட்பதைக் குறைத்துக்கொண்டேன். கழுத்தில் கட்டி தட்டுப்பட்டு நீயாகவே வந்தபோது டாக்டர் என்னைத்தான் முதலில் பார்த்தார். பிறகு கதிர் சிகிச்சை, மருந்து. எதுவும் பலிக்கவில்லை.

கடைசி வாரத்தில் ஒரு காலை, உனக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை.

"அன்னைக்கு நீ 'இரி டீ, போவாதே'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் இருந்திருப்பேன், அல்லே?"

குரலில் கோபமே இல்லை. போனில் யாரிடமோ விவரம் கேட்பதுபோல் கேட்டாய். நான் உன் வாயைத் துடைத்துவிட்டேன்.

நீ போன பிறகு டாக்டரிடம் கேட்டேன். அப்போதே எவ்வளவு ஆழம் போயிருந்தது என்று யாருக்குத் தெரியும் என்றார். ஆறுதலுக்குச் சொன்னாரோ, உண்மையோ. புது மைக்ராஸ்கோப் வந்த அன்று, இது அப்போதே இருந்திருந்தால் மத்தியானச் சாப்பாட்டுக்கு நீ வீட்டுக்குப் போயிருப்பாய் என்று நினைத்தேன். பழியை நேரத்தின் மேல் போட்டுப் பார்த்தேன். ஒரு வாரம்கூட அது அங்கே நிற்கவில்லை.

இன்றைக்கு விழிஞ்ஞம் துறைமுகத்தில் கட்டுமான வேலை பார்க்கும் ஒரு பெரியவர் வந்திருந்தார். களியக்காவிளைப் பக்கத்துக்காரர். மூக்கோரத்தில் புற்று. படம் சீக்கிரம் வந்தாலும், இரண்டு துண்டிலும் ஓரம் சுத்தமில்லை. மூன்றாவதற்குக் கூப்பிட்டபோது சட்டையை மாட்டிக்கொண்டு எழுந்து நின்றுவிட்டார்.

"போதும் மக்கா. விட்டா மூக்கையே முழுசா எடுத்துருவாங்க. நான் போறேன்."

நர்ஸ் என்னைப் பார்த்தாள். நான் கையுறையைக் கழற்றிவிட்டு அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"இரியுங்க அண்ணாச்சி. மிச்சத்த வச்சுக்கிட்டுப் போகாதீங்க. துண்ட நானே மெஷின்ல வச்சு, டாக்டர் பாத்ததும் நானே வந்து சொல்லுதேன்."

"எம்புட்டு நேரம் ஆவும்?"

"ஒரு டீ குடிக்கிற நேரம்."

"நீ வந்து சொல்லுவியா?"

"சொல்லுதேன். இரியுங்க."

சட்டைப் பொத்தானைப் போட்டு முடித்தார். பிறகு உட்கார்ந்தார்.

மூன்றாவது துண்டு சுத்தமாக இருந்தது. போய்ச் சொன்னேன். அவர் பெரிதாக ஒன்றும் மகிழ்ந்துவிடவில்லை. ஊருக்கு அடுத்த பஸ் எப்போது என்று கேட்டார். எனக்கும் உடம்பெல்லாம் அசதியாக இருந்தது, அவ்வளவுதான். இப்போதெல்லாம் நாள் தவறாமல் யாரிடமாவது அந்த வார்த்தையைச் சொல்கிறேன். பேர்கூடத் தெரியாதவர்கள். ஒவ்வொரு முறையும் உன்னிடம்தான் சொல்கிறேன். பெரும்பாலும் உட்கார்ந்துவிடுகிறார்கள்.